கோணல் குழாயா, நேர்க்குழாயா? காரணம் கூறுக

1

மேலே இருக்கிற கேள்வியை நான் போடவில்லை. டாங்கா நகரத்திலுள்ள எங்கள் தலைமை அலுவலகம் போட்டது. அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, என் படிவத்தை மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பியபோது எனக்கு வந்த கோபத்தை அப்படியே எழுதினால், இந்தக் கட்டுரையைக் கோயில் பக்கத்தில் வைத்து வாசிக்க முடியாது. ஆகவே கோபத்தை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்.

நம் ஊர் இனயத்து வாசகசாலையிலிருந்து உங்கள் கடிதம் கிடைத்தது. ஆப்பிரிக்காவைப் பற்றி எழுது, சிங்கத்தைப் பற்றி எழுது என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே வந்த ஆறு வருஷத்தில் நான் சிங்கத்தைப் பார்த்தது இரண்டே தடவை. இரண்டு தடவையும் அது தூங்கிக்கொண்டிருந்தது. சிங்கத்தை விடுங்கள். வேட்டைக்கு வாங்கிய ஒரு தூரக்கண்ணாடியைப் பற்றி எழுதுகிறேன். சலிப்புத் தட்டினால் நடுவில் சில பக்கங்களைத் தள்ளிவிடலாம். கடைசிப் பக்கத்தை மட்டும், கரையில் வலை இழுக்கிறவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி யாராவது சத்தமாக வாசிக்க வேண்டும். அது என் வேண்டுகோள்.

என்னைத் தெரியாத இளவட்டங்களுக்குச் சொல்கிறேன். நான் கரைமடி பீற்றரின் தம்பி சூசை. ஐம்பதாம் வருஷம் மனைவி ரோஸ்லினையும் மூன்று வயது மகள் ஸ்டெல்லாவையும் கூட்டிக்கொண்டு பம்பாயில் கப்பலேறியவன். இப்போது தங்கனீக்காவில், கற்றாழை நார் எடுக்கிற ஒரு தோட்டத்தில் சாமான் கிடங்குக்குப் பொறுப்பாக இருக்கிறேன்.

தோட்டத்துக்குப் பின்னால் மலை. மலையடியில் வேலைக்காரக் குடும்பங்கள் மரச்சீனி போட்டிருக்கிறார்கள். ஆமாம், வடக்கே மரவள்ளி என்கிறார்களே, அந்த நம்முடைய மரச்சீனியேதான். வந்த முதல் வாரத்தில் அதைக் கண்ட ரோஸ்லின் சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். கிழங்கை அவித்து மீன்கறியும் வைத்தாள். அதைத் தின்னுகிற யானையும் இங்கே உண்டு. பேச்சிப்பாறைப் பக்கம் மரச்சீனி போட்ட என் மச்சான் யானை வந்தால் தகரம் தட்டுவான். இங்கே தகரம் தட்டினால் யானை நின்று கேட்டுவிட்டுத் தின்னப் போகிறது.

2

யானையைச் சுட இங்கே இஷ்டத்துக்கு முடியாது. வனவிலங்கு அலுவலகம் அனுமதிச் சீட்டு தரவேண்டும். அந்தச் சீட்டில் எந்த யானை என்று எழுதியிருக்கும். எங்கள் சீட்டில் இருந்தது இது: ஆண் யானை, இடது தந்தம் பாதியில் ஒடிந்தது, வலது காதின் கீழ் ஓரம் கிழிந்தது. அந்த ஒன்றைத் தவிர வேறு எதைச் சுட்டாலும் சுட்டவருக்குத் தண்டனை.

சுடுகிறவர் சலீம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தோட்டத்து வேட்டைக்காரர். அவர் மனைவி ஜைனபுவின் மரச்சீனிதான் மலைக்கு ஆகக் கிட்டத்தில் இருப்பது, யானை முதலில் கை வைப்பதும் அதில்தான். பார்த்துச் சொல்வது என் வேலை. கிடங்கில் இருப்பவனுக்கு இந்த வேலை எப்படி வந்தது என்றால், நானே வாயைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். ஊரில் கடலில் மீன் பார்த்துச் சொன்னவன் நான், என் கண்ணை நம்பலாம் என்று மானேஜரிடம் பெருமை பேசினேன்.

முறை இதுதான். மலையடியில் ஓர் ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கம், தாழ்வில், நான் தூரக்கண்ணாடியுடன் இருப்பேன். எதிரே சரிவில் புதர்க்காடு. விடியும்வரை தின்ற யானைகள் அந்தச் சரிவில் ஏறி நிற்கும். சலீம் காற்றுப் பார்த்து அதே சரிவில் ஒரு பாறையில் போய்ப் பதுங்குவார். அவ்வளவு கிட்டத்தில் புதருக்கு மேல் அவருக்கு முதுகுதான் தெரியும். தந்தமும் காதும் தெரிவது தூரத்தில் எதிரே இருக்கிற எனக்கு. அவருக்குப் பக்கத்தில் நிற்பது சீட்டில் உள்ள யானைதான் என்றால் நான் வெள்ளைத் துணியை உயர்த்த வேண்டும். துணி உயர்ந்தால் அவர் சுடுவார். இந்தத் துணி யோசனையும் நான் சொன்னதுதான், இனயத்திலிருந்து கொண்டுவந்தது.

நாற்பத்தேழிலிருந்து ஐம்பது வரை நம்முடைய மேட்டுப்பாறையில் அண்ணனின் கரைமடி வலைக்கு மீன் பார்த்து நின்றவன் நான். தண்ணீரின் நிறம் மாறியதும் துணியை உயர்த்துவேன். வள்ளம் வலையோடு பாயும். உயர்த்திய துணியை வலையின் இரண்டு நுனியும் கரையேறும்வரை இறக்கக் கூடாது. மீன் நழுவிப் போனது கண்ணுக்குத் தெரிந்தாலும் கூடாது. இறக்கினால் துடுப்புப் போடுகிறவர்கள் பாதிக் கடலில் திகைப்பார்கள், வலை சுருண்டுவிடும். மீன் தப்பினால் பார்த்தவனை யாரும் ஒரு சொல் சொல்வதில்லை. துணியை இறக்கினவனை மட்டும் சும்மா விடமாட்டார்கள். லாசர் மாமா ஒரே ஒரு தடவை இறக்கினார். சாகும்வரை அவருக்குத் 'தாழ்த்தி லாசர்' என்றே பெயர். அவர் பேரப்பிள்ளைகளையும் தாழ்த்தி வீட்டுப் பிள்ளைகள் என்று நீங்கள் இன்றைக்கும் கூப்பிடுகிறீர்கள். நானும் கூப்பிட்டிருக்கிறேன்.

போன வருஷம் டிசம்பரில் ஒரு காலை. நேற்றோடு அதற்கு ஒரு வருஷம் ஆகிறது. தோட்டத்தில் அப்போது இருந்தது இழுத்து நீட்டுகிற பழைய பித்தளைக் குழாய் ஒன்றுதான். நேர்க்குழாய். தாழ்விலிருந்து மேலே பார்க்கவேண்டும் என்பதால் கழுத்தைப் பின்னால் சாய்த்து, குழாயைக் கையில் ஏந்தி ஒரு மணி நேரம் நின்றேன். கழுத்து விறைத்துவிட்டது. கை நடுங்கியதில் யானையும் நடுங்கியது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இடது தந்தம் குட்டையாகத் தெரிந்த ஒரு யானை சலீமின் பாறைக்குக் கீழே வந்து நின்றது. காதை நான் பார்க்கவில்லை. துணியை உயர்த்தினேன்.

அடுத்த நொடியில் அது ஒரு அடி முன்னால் வைத்தது. தந்தத்தை மறைத்திருந்த கிளை விலகியது. இரண்டு தந்தமும் முழுசாக இருந்த இளம் யானை. எனக்கு நன்றாகத் தெரிந்தது. சலீம் இன்னும் சுடவில்லை. துணியைக் கீழே போட எனக்கு நேரம் இருந்தது, அதை மறைத்து எழுதமாட்டேன். கை இறங்கவில்லை. மேட்டுப்பாறையில் நின்ற கை அது. வெடிச் சத்தம் கேட்டபோதும் துணி என் தலைக்கு மேலேதான் இருந்தது.

3

ஜனவரி கடைசியில் நடந்த விசாரணையில் சலீம் என் பெயரைச் சொல்லவில்லை. தானே பார்த்துத் தானே சுட்டதாகச் சொன்னார். என் குடியிருப்பு அனுமதி அந்த மாதம் புதுப்பிக்கக் கொடுத்திருந்தது, ஒரு புகார் வந்தால் எங்கள் மூன்று பேரையும் கப்பலேற்றிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். பதினோரு நாள் உள்ளே வைத்தார்கள். பத்து மாதம் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டார்கள். இனி ஒரு தடவை தவறினால் துப்பாக்கி உரிமை அடியோடு போகும், வருஷக்கணக்கில் சிறை என்றும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். நான் கிடங்கில் சாக்கு எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் பதினோரு நாளும் நான் போய் உண்மையைச் சொல்லவில்லை. இதைவிடக் கேவலமான காரியம் என் வாழ்க்கையில் நான் செய்ததில்லை.

அவர் வெளியே வந்த மறுநாள் ஜைனபு எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் தோள் உயரம்கூட இல்லாத சிறிய உருவம். துணியை ஏன் இறக்கவில்லை என்று கேட்டாள். என்னுடைய சுவாஹிலி கிடங்குச் சுவாஹிலி. ஆணி, கயிறு, மண்ணெண்ணெய் இவற்றைத் தாண்டினால் திக்கும். ஸ்டெல்லாவை மொழிபெயர்க்கச் சொன்னேன். அவளுக்கு அது தாய்மொழி மாதிரி ஆகிவிட்டது. நான் தமிழில் கேட்டால் பாதி நாள் சுவாஹிலியில்தான் பதில் சொல்கிறாள், கனவிலும் அதில்தான் பேசுகிறாள் என்று அவள் அம்மா புலம்புகிறாள். நான் மேட்டுப்பாறை, கரைமடி, லாசர் மாமா என்று எல்லாவற்றையும் சொன்னேன். என் மகள் அவற்றில் ஒன்றையும் பார்த்தது நினைவில்லாதவள். அப்படியே சொல்லி முடித்தாள். ஜைனபு அவளிடம் ஏதோ சொன்னாள்.

"கடல்ல தப்பிப் போனா மீனு மட்டுந்தானே போவும், இஞ்ச எனக்க மாப்பிள்ளையில்லா போனாரு, அப்படின்னு கேக்காவ அப்பா," என்றாள் ஸ்டெல்லா. பிறகு அவளாகவே, "அந்தத் துணிய இறக்குனா எதுக்கு ஏசுவாவ?" என்றும் கேட்டாள்.

அன்றைக்கே ஒன்று முடிவு செய்தேன். சலீமின் கைக்குத் துப்பாக்கி திரும்பி வருகிற நாளுக்குள் என் கண் தயாராக இருக்க வேண்டும். இரண்டாம் தடவை தவறு நடக்கக் கூடாது. அதற்கு முதலில் அந்தப் பித்தளைக் குழாய் தொலையவேண்டும்.

4

டாங்காவில் கட்ச் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் தூரக்கண்ணாடி வைத்திருந்தார். யுத்தம் முடிந்து ஏலத்தில் வந்த சரக்கு. இரண்டு குழாய்கள் காட்டினார். இரண்டிலும் ஒரே கண்ணாடி, ஒரே பெருக்கம், இரண்டுக்கும் மூன்று கால் தாங்கி உண்டு. ஒன்று நேர். மற்றதில் கண் வைக்கிற முனை மட்டும் மேல் நோக்கிச் சாய்ந்திருக்கும், குனிந்து கிணற்றுக்குள் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும். கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு இரண்டையும் திருப்பிக் கொண்டுவா, தோட்டம் பணம் கட்டியதும் ஒன்றை அனுப்புகிறேன் என்று மூன்று வாரம் தவணை கொடுத்தார். நல்ல மனுஷன்.

முதல் நாள் நேர்க்குழாய்தான் ஜெயித்தது. அதில் ஒரு சிரமமும் இல்லை. மூக்கு எங்கே போகிறதோ அங்கே குழாய் போகிறது, ஆட்டைத் தேடினால் ஆடு கிடைக்கிறது. கோணல் குழாயில் ஆட்டைத் தேடினேன், வானம் வந்தது. மறுபடி தேடினேன், யாரோ வீட்டுக் கூரை வந்தது. மூன்றாவதாக வந்தது என் கால் பெருவிரல், அதுவும் மங்கலாக. ரோஸ்லின் வாசலில் நின்று சிரித்தாள். அப்பா யானைக்குப் பதிலாக எறும்பு வேட்டைக்குப் போகிறார் என்று ஸ்டெல்லா பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

விடுவதாக இல்லை. தென்னை ஓலையிலிருந்து ஓர் ஈர்க்கு கிழித்து, குழாயின் முதுகில் நீளவாக்கில் நூலால் கட்டினேன். முதலில் ஈர்க்கு வழியாக நேரே பார்த்துக் குறி வைப்பது, பிறகு குனிந்து கண்ணை வைப்பது. ஒரு வாரம் தினமும் காலையில் தண்ணீர்த் தொட்டி, மாமரம், மலைமேல் ஆடு என்று மாற்றி மாற்றிப் பழகினேன். பத்தாம் நாள், ஸ்டெல்லா எந்த ஆட்டைச் சொன்னாலும் அவள் பத்து எண்ணுவதற்குள் பிடித்துவிட்டேன்.

அதன் பிறகுதான் மற்ற விஷயங்கள் புரிந்தன. தாழ்விலிருந்து மலையைப் பார்க்க நேர்க்குழாய்க்குக் கழுத்தை ஒடிக்க வேண்டும், அல்லது மல்லாந்து படுக்க வேண்டும். கோணல் குழாய் என்றால் தாங்கியைத் தாழ்த்தி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்து பார்க்கலாம். மணிக்கணக்கில் இருந்தாலும் கழுத்து நோகாது, கை இரண்டும் சும்மா இருக்கும். இன்னொன்றும் உண்டு, அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பட்டது. ஆளுக்கு ஆள் உயரத்தை மாற்ற வேண்டியதில்லை. நேர்க்குழாயில் என் கண்ணுக்கு வைத்த உயரம் ஜைனபுவுக்கு எட்டாது. தாங்கியைத் தாழ்த்தினால் யானை போய்விடும், மறுபடி தேட வேண்டும். கோணலில் நான் நகர்ந்துகொண்டால் போதும், அவள் வந்து குனிந்து அதே யானையைப் பார்க்கலாம். இரண்டாவது கண் ஒன்று கிடைக்கிறது. அந்த யானையை வயலில் ஆகக் கிட்டத்தில் பார்த்தவளும் அவள்தான்.

நேர்க்குழாயைக் குறை சொல்லவில்லை. வண்டியின் ஜன்னலிலிருந்து பார்க்க அதுதான் வசதி. மேட்டுக்குப் பின்னால் மறைந்து பார்க்கும்போது கோணல் குழாயில் தலை அதிகம் வெளியே தெரியும். மேலேயிருந்து கீழே பார்க்கவும் நேர்க்குழாய்தான். இனயத்து மேட்டுப்பாறைக்கு ஒரு தூரக்கண்ணாடி வாங்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு அதையே வாங்குவேன். ஊரில் மேலே நின்று கீழே பார்த்தவன் நான். இங்கே கீழே உட்கார்ந்து மேலே பார்க்கிறவன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஆறு வருஷம் ஆகியிருக்கிறது.

5

அண்ணனுக்கு எழுதிக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "ஏலே சூசை, பாக்குத எடத்துக்கு நேரா மூக்கு நிக்கணும். நிலத்தப் பாத்துக் குனிஞ்சிட்டு, மலையில ஆன நிக்குன்னு சொன்னா எவம்டே நம்புவான்? நமக்க குடும்பத்துல எல்லாவனும் நிமிந்து நின்னு பாத்தவனாக்கும்," என்று பதில் வந்தது. அவர் சொன்னதில் அவர் நிற்கிற இடத்துக்கு ஒரு பிழையும் இல்லை.

மானேஜர் ஸ்காட்லாந்துக்காரர். அவர் ஊர் மலையில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் மல்லாந்து படுத்து, முழங்காலில் நேர்க்குழாயைச் சார்த்தி வைத்துத்தான் பார்ப்பார்களாம். அலுவலகத் தரையில் படுத்தே காட்டினார். கோணல் குழாய் நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்கு என்றார். நான் வாதாடவில்லை. ஒரு காலை மட்டும் எங்களோடு ஓடைக்கரைக்கு வரச் சொன்னேன். வந்தார், படுத்தார். ஓடைக்கரை ஈரம், கூடவே அந்த ஊர்ச் சிவப்பு எறும்பு. ஒரு மணி நேரத்தில் எழுந்து சட்டையை உதறிவிட்டு, எந்தக் குழாய் வேண்டுமோ அதற்குப் படிவம் நிரப்பு, நான் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

படிவம் போனது. காரணம் போதாது என்று திரும்பி வந்தது. மேல்நோக்கிப் பார்க்க வசதி என்று எழுதி அனுப்பினேன். பழைய தூரக்கண்ணாடி நன்றாகத்தானே இருக்கிறது, போன வருஷம் யானை சுடப்பட்டதே, அது எப்படி என்று கேட்டு மறுபடி திரும்பி வந்தது. கழுத்து வலி என்று எழுதினேன். மூன்றாவது தடவையும் திரும்பி வந்தது, சிவப்பு வட்டத்தோடு. பிறந்த இடம் என்ற கட்டத்திலும் ஒரு கேள்விக்குறி இருந்தது. வந்தபோது திருவிதாங்கூர் என்று எழுதியிருந்தேன், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி என்று திருத்தினேன். இந்த நவம்பரில் நம் மாவட்டம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்ததும் அதுவும் பழசாகிவிட்டது. அதை நிரப்ப ஒரு நிமிஷம் போதும். காரணம் கட்டத்துக்குத்தான் பேனா நகரவில்லை.

அவர்கள் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் ஒன்றுதான். போன வருஷம் தவறான யானை சுடப்பட்டதற்குக் காரணம் பழைய குழாயும் என் கண்ணும் என் கையும், சலீம் இல்லை. அதை எழுதினால் வேலை போகலாம், குடியிருப்பு அனுமதி போகலாம். எழுதாவிட்டால் குழாய் வராது, பத்து மாதத் தடை முடிந்து சலீம் பித்தளைக் குழாயை நம்பி மலையேறுவார். படிவத்தை மேஜைமேல் வைத்து மூன்று நாள் அதைச் சுற்றி வந்தேன். மூன்றாம் நாள் காலை ரோஸ்லின் காப்பியைக் கொண்டுவந்து படிவத்தின் மேலேயே வைத்தாள்.

"அந்த மனுசன் ஒங்களுக்கு வேண்டி பதினோரு நாளு உள்ள கெடந்தாரு," என்றாள். "ஒரு வரி எழுததுக்கு நீங்க மூணு நாளா யோசிக்கியளா?"

எழுதினேன். ஒரு வரி போதவில்லை, தனித்தாள் வைத்து எழுதினேன். மானேஜர் வாசித்துவிட்டு என்னை ஒரு முறை பார்த்தார், கையெழுத்துப் போட்டார். இரண்டு வாரம் கழித்துக் கண்டனக் கடிதமும் கோணல் குழாயும் ஒரே வண்டியில் வந்தன. வேலையும் குடியிருப்பு அனுமதியும் போகவில்லை, அடுத்த சம்பள உயர்வுதான் போனது. தலைமை அலுவலகம் என் தாளை அனுப்பிவைத்ததில், வனவிலங்கு அலுவலகம் சலீமின் பெயருக்கு எதிரே இருந்த குறிப்பை நீக்கிவிட்டு அதை என் பெயருக்கு எதிரே போட்டது. ஆனால் இனித் தவறினால் சிறை என்ற எச்சரிக்கையை மட்டும் எடுக்கவில்லை, சுடுகிற விரல் அவருடையது என்று சொல்லிவிட்டார்கள். சலீமிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு நன்றாகக் கோபம் வந்தது. இதைச் சொல்வதாக இருந்தால் முதல் நாளே சொல்லியிருக்கலாமே, அந்தப் பதினோரு நாளும் தான் வீட்டில் தூங்கியிருக்கலாமே என்றார்.

6

இனி வருவதுதான் சத்தமாக வாசிக்க வேண்டிய பக்கம்.

போன செவ்வாய்க்கிழமை காலை. துப்பாக்கி சலீமின் கைக்கு வந்து நான்காம் நாள். ஓடைக்கரையில் தாங்கியை ஊன்றி நான் உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் ஜைனபு. ஈர்க்கு வழியாகக் குறி பார்த்து, குனிந்து கண்ணை வைத்தேன். சரிவில் ஐந்து யானைகள். சலீம் தன் பாறையில் இருந்தார். ஒரு பெரிய ஆண் யானை மெதுவாக அந்தப் பாறைக்குக் கீழே வந்தது. இடது தந்தம் பாதியில் ஒடிந்திருந்தது. கிளை ஏதும் மறைக்கவில்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். தலையை அந்தப் பக்கம் திருப்பியிருந்ததால் வலது காது மடங்கிக் கிடந்தது, ஓரம் தெரியவில்லை. காத்திருந்தேன். ஒரு மணி நேரம் இருக்கும். கழுத்து வலிக்கவில்லை, கண்ணும் கலங்கவில்லை. பிறகு நகர்ந்துகொண்டேன். ஜைனபு குனிந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"அவன்தான். என் கிழங்கைத் தின்றவன் அவன்தான்," என்றாள்.

யானை திரும்பிப் புதருக்குள் போகக் காலெடுத்தது. போய்விட்டால் இன்னும் எத்தனை வாரம் ஆகுமோ. ஒரு வருஷம் காத்த மனசு ஒரு நிமிஷம் காக்கவில்லை, வலது கையால் துணியை உயர்த்தினேன். சலீம் துப்பாக்கியைத் தோளில் வைப்பது தெரிந்தது. நான் துணியைப் பிடித்தபடியே குனிந்து மறுபடி கண்ணை வைத்தேன். கையில் ஏந்திய நேர்க்குழாயாக இருந்தால் இது முடிந்திருக்காது. யானை காதை ஒரு முறை விரித்து அடித்தது. வலது காதின் ஓரம் முழுசாக இருந்தது, கிழிசல் எதுவும் இல்லை. ஒடிந்த தந்தமுள்ள வேறு யானை.

கை மேலே இருந்தது. அது தானாக இறங்கவில்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இனயத்துக் கரை முழுக்க என்னை அண்ணாந்து பார்ப்பது போல் இருந்தது. அண்ணன் பார்த்தார், லாசர் மாமாவின் பேரப்பிள்ளைகளும் பார்த்தார்கள். பாறையில் சலீமின் முழங்கை அசைந்தது.

துணியை இறக்கினேன். வெறுமனே இறக்கவில்லை, தரையில் போட்டு அதன்மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

வெடி கேட்கவில்லை. சலீம் துப்பாக்கியைத் தாழ்த்தி, அந்த யானை புதருக்குள் மறையும்வரை அசையாமல் இருந்துவிட்டுக் கீழே வந்தார். காதைப் பற்றிச் சொன்னேன். அவர் தன் மனைவியைப் பார்த்தார். ஜைனபு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் பார்த்ததும் பிழை, நான் பார்த்ததும் பிழை. சலீம் ஓடையில் முகம் கழுவினார். பிறகு எனக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னார்: "எழுந்திரு சூசை. இனி அது மேலே பறந்துவிடாது."

சீட்டில் உள்ள யானை இன்னும் மலையில்தான் இருக்கிறது. மறுநாள் பார்த்தபோது ஜைனபுவின் மரச்சீனியில் இரண்டு வரிசை காணவில்லை. அதற்காக அவள் என்னை ஏசினாள், தன்னையும் ஏசிக்கொண்டாள். சலீம் தன் வீட்டில் இருக்கிறார், துப்பாக்கியும் அவரிடமே இருக்கிறது. நடந்ததை ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அதில் என்ன இருக்கிறது, தப்பு என்றால் இறக்க வேண்டியதுதானே என்று சுவாஹிலியில் சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். அவளைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை.

அண்ணா, கரையில் நிற்கிற எல்லாரும் கேளுங்கள். வள்ளத்துக்குத் துணி காட்டும் முறையை மாற்றச் சொல்லவில்லை, அதற்கு அதன் நியாயம் இருக்கிறது. லாசர் மாமா வீட்டுக்கு மட்டும் யாராவது ஒருவர் போய், சூசை மன்னிப்புக் கேட்டான் என்று சொல்லுங்கள். துணியை ரோஸ்லின் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள். நாளைக் காலை மறுபடியும் ஓடைக்கரைக்குப் போகிறோம், யானை கிடைக்கும்வரை போவோம். இனி எனக்குக் கடிதம் எழுதும்போது உறையின்மேல் தாழ்த்தி சூசை என்றே எழுதுங்கள். இங்கே தபால்காரர் சரியாகக் கொண்டுவந்து கொடுப்பார்.